ஓய்வுபெற்ற வழக்கறிஞரின் வீட்டுக் கணக்கு

(ஜூபிலி விழாவையொட்டி நடந்த குடும்ப மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் பங்கில் ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில், இரயில்வேயில், தாலுகா அலுவலகத்தில், கோர்ட்டில் என்று முப்பது முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து, மாலையும் சால்வையும் பெற்று வீடு வந்து சேர்ந்தவர்கள். அந்த மாலை மூன்று நாளில் வாடிவிடுகிறது. நாலாம் நாள் காலையில் வீட்டில் என்ன நடக்கிறது என்பது பங்குச் சாமியாருக்கு ஓரளவு தெரியும். வருமானம் குறைந்துவிட்டது, அதை வாய்விட்டுச் சொல்ல மனிதருக்குக் கூச்சம். பிள்ளைகளிடம் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று அச்சம். மனைவிக்கு அரைகுறையாகத் தெரியும். கலியாணமும் சீரும் பழைய தோரணையிலேயே நடக்கும். கடன் ஒருபுறம் சத்தமில்லாமல் வளரும். ஆகவே, பதவியை விட்டதும் வீட்டாரைக் கூட்டி வைத்துக் கணக்கை விரித்துக் காட்டிய ஒரு வக்கீலைப் பற்றி இன்று பேசலாம் என்று எண்ணினோம்.

அவர் பெயர் தாமஸ் மூர். ஆம், புனித தாமஸ் மூர்தான். குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்த நாட்களில் அவரைப் பற்றி நாம் கேட்டதெல்லாம் அரசன், சத்தியப் பிரமாணம், சிரச்சேதம் என்ற மூன்று செய்திகளே. தேர்வுக்கு அவை போதும். வீட்டு மனிதராக அவரை அறிய வேண்டுமானால் இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும். ஒன்று, மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதி வைத்த சிறு வரலாறு. மூத்த மகள் மார்கரெட்டின் கணவர் இவர்; பதினாறு ஆண்டுகளுக்கு மேல் மாமனாரின் வீட்டிலேயே வாழ்ந்தவர். வீட்டோடு மாப்பிள்ளைகளை நம் ஊரில் சற்றே இளக்காரமாகப் பேசுவார்கள். இந்த மாப்பிள்ளை இல்லையென்றால் மாமனாரைப் பற்றி நமக்குப் பாதிகூடத் தெரிந்திராது. மற்றொன்று, மூர் தம் மனைவிக்கும் மக்களுக்கும் எழுதிய கடிதங்கள்.

அவர் பிறந்தது இலண்டன் மாநகரில். தந்தை ஜான் மூரும் வக்கீல், பிற்காலத்தில் நீதிபதியானவர். மகனை ஆக்ஸ்போர்டில் சுமார் இரண்டு ஆண்டுகள் படிக்க வைத்து, இலக்கியத்தில் மனம் போகிறதென்று கண்டதும் திரும்ப அழைத்துச் சட்டத்தில் சேர்த்துவிட்டார். சட்டம் பயில்கிறவர்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு, மூத்த வக்கீல்களிடம் தொழில் கற்கும் விடுதிகள் இலண்டனில் இருந்தன. முதலில் நியூ இன் என்ற சிறிய விடுதி; பிறகு லிங்கன்ஸ் இன் என்ற பெரிய விடுதி. இந்தப் பெயர்களைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். 1510இல் நகரத்தின் துணை ஷெரீப் ஆனார். 1529 அக்டோபரில் எட்டாம் ஹென்றி அரசர் அவரை லார்டு சான்சலர் ஆக்கினார். நாட்டின் தலைமை நீதிப் பதவிகளில் ஒன்று அது.

அந்தப் பதவியில் அவர் எப்படி இருந்தார் என்பதற்கு இரண்டொரு செய்திகள் போதும். அவருடைய நீதிமன்றம் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில். அதே மண்டபத்தில் வேறொரு மன்றத்தில் வயது முதிர்ந்த தந்தை நீதிபதியாக அமர்ந்திருப்பார். சான்சலர் தம் இருக்கைக்குப் போகும் வழியில் தந்தையிடம் சென்று, எல்லாரும் பார்க்க முழந்தாளிட்டு, ஆசீர் பெற்றுக்கொண்டுதான் போவார். இன்னொரு மருமகன் ஒரு நாள் விளையாட்டாகக் குறைப்பட்டுக்கொண்டாராம்: முன்பிருந்த சான்சலர் காலத்தில் வாசற்காவலர்கூடச் சம்பாதித்தார்கள், உங்கள் மகளைக் கட்டிய எனக்கு ஒரு காசு வரும்படி இல்லையே என்று. அதற்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இது: ஒரு பக்கம் என்னைப் பெற்ற தகப்பனும் மறுபக்கம் பசாசும் வழக்காட வந்து, நியாயம் பசாசின் பக்கம் இருந்தால், தீர்ப்பு பசாசுக்குத்தான். மருமகப்பிள்ளை அதன் பிறகு கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறோம்.

பணக்கார விதவை ஒருவருக்கு, ஒரு பிரபுவுக்கு எதிராக அவர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். புத்தாண்டு அன்பளிப்பாக அந்த அம்மாள் ஒரு ஜோடிக் கையுறை கொண்டுவந்தார். உள்ளே நாற்பது பவுன் பெறுமான பொற்காசுகள். மூர் காசைக் கொட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு பெண்மணி தரும் புத்தாண்டுப் பரிசை மறுப்பது மரியாதை ஆகாது என்று கையுறையை மட்டும் எடுத்துக்கொண்டார். நம் ஊரில் சில இடங்களில் கையுறையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

வீட்டிலே அவர் வேறு மனிதர். முதல் மனைவி ஜேன், மூன்று பெண்களையும் ஒரு பையனையும் விட்டுவிட்டு 1511இல் இறந்துபோனார். அதே ஆண்டில் ஆலிஸ் என்ற விதவையை அவர் மணந்துகொண்டார். தாயில்லாப் பிள்ளைகளுக்கு ஒரு தாய் வேண்டும் என்ற அவசரம் அது. ஆலிஸ் அம்மையார் வீட்டு நிர்வாகத்தில் கெட்டிக்காரர். நாக்கு சற்று நீளம். கணவருடைய வேடிக்கைப் பேச்சு பாதி அவருக்குப் புரியாது. புரிந்த பாதி பிடிக்காது. எனினும், மாற்றாள் பெற்ற பிள்ளைகளை அவர் வளர்த்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. மார்கரெட் கிக்ஸ் என்ற வளர்ப்பு மகளும் அந்த வீட்டில் இருந்தார்.

பெண்பிள்ளைகளுக்கும் பையனுக்கும் ஒரே பாடம், ஒரே ஆசிரியர்: இலத்தீன், கிரேக்கம், கணக்கு, வானநூல். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. மூத்த மகள் மார்கரெட், எராஸ்மஸ் என்ற அறிஞர் கர்த்தர் கற்பித்த செபத்தைப் பற்றி எழுதிய நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து, இருபது வயதை ஒட்டி அச்சுக்குக் கொடுத்தார். பெண் படித்து என்ன ஆகப்போகிறது என்று இன்னமும் கேட்கிற தாத்தாக்கள் இங்கே இருந்தால், பெயரை நினைவில் வைத்துக்கொள்க.

ஒரு முறை மழையில் சேறான பாதையில் குதிரைமேல் பயணம் செய்தபடியே பிள்ளைகளுக்கு அவர் இலத்தீனில் ஒரு கவிதைக் கடிதம் எழுதினார். உங்களுக்குத் தின்பண்டமும் பழமும் பட்டுத் துணியும் வாங்கி வந்திருக்கிறேன், முத்தமிட்ட கணக்கு அதிகம், அடித்த கணக்கு மிகக் குறைவு, அப்படி அடித்ததும் மயில் தோகையால்தான் என்று அதிலே நினைவூட்டுகிறார். பிரம்பைக் கதவுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் வீடுகளில் நாம் வளர்ந்தோம். பிள்ளைகளை மயிலிறகால் மிரட்டிய வக்கீலைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது.

1529இல், சான்சலர் ஆவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஒரு சோதனை வந்தது. அரசாங்க வேலையாக வெளிநாடு போய்த் திரும்பி, அரசரோடு வெளியூரில் தங்கியிருக்கிறார். தேம்ஸ் நதிக்கரையில் செல்சி கிராமத்தில் இருந்த தம் வீட்டில் தீப்பிடித்துத் தானியக் களஞ்சியங்கள் எரிந்தன. அண்டை வீட்டாரின் களஞ்சியங்களும் சேர்ந்து எரிந்துபோயின என்று செய்தி. செப்டம்பர் 3ஆம் நாள் அவர் ஆலிஸ் அம்மையாருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. தானியம் போனதற்கு வருத்தம்தான், ஆனால் வீட்டார் அனைவரையும் கூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போ, தந்ததற்கும் எடுத்ததற்கும் மிச்சம் வைத்ததற்கும் ஆண்டவருக்கு நன்றி சொல் என்கிறார். இந்த மட்டும் எந்தப் பக்தரும் எழுதுவார். அடுத்து வருவதுதான் முக்கியம். ஏழை அயலார் என்னென்ன இழந்தார்கள் என்று நன்றாக விசாரி. அவர்கள் கவலைப்பட வேண்டாம் என்று சொல். என் வீட்டில் நேர்ந்த விபத்தால் எந்த ஏழை அயலானும் நஷ்டப்படக் கூடாது, அதற்காக என் வீட்டில் ஒரு கரண்டிகூட மிஞ்சாமல் போனாலும் சரி என்கிறார். பிறகு நிலத்தை வைத்துக்கொள்ளலாமா விடலாமா, விதைக்கும் சாப்பாட்டுக்கும் தானியம் எங்கே வாங்கலாம் என்று யோசனை கேட்கிறார். வேலையாட்களைக் குறைக்க நேர்ந்தாலும், எங்கே போவது என்று தெரியாதபடி யாரையும் திடீரென்று அனுப்பிவிடாதே என்றும் எழுதுகிறார்.

இனி 1532. அரசர் தம் மனைவியைத் தள்ளிவிட்டு வேறு மணம் செய்ய விரும்பியதும், அதற்காகத் திருச்சபையைத் தம் கைக்குள் கொண்டுவரத் துணிந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. மே 15ஆம் நாள் இங்கிலாந்தின் குருகுலம் அரசருக்குப் பணிந்தது. மறுநாள் மூர் முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெளியே சொன்ன காரணம் உடல்நலக் குறைவு. அது பொய்யுமல்ல, நெஞ்சுக் கோளாறு இருந்தது. வயது ஐம்பதைக் கடந்து சில ஆண்டுகள். ஏறக்குறைய நம்முடைய வயதுதான்.

வீட்டுக்காரம்மாவுக்குச் செய்தியை எப்படிச் சொன்னார் தெரியுமா? விழா நாட்களில் பூசை முடிந்ததும் அவருடைய பணியாளர் ஒருவர், பெண்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஆலிஸ் அம்மையாரிடம் வந்து, "அம்மா, ஐயா புறப்பட்டுவிட்டார்" என்று அறிவிப்பது வழக்கம். பதவியை விட்ட பிறகு வந்த திருநாளில் மூர் தாமே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்று, அதே சொற்களைச் சொன்னார். அம்மையார் வழக்கமான கேலி என்று நினைத்தார். பிறகு விளங்கியது: சான்சலர் ஐயா உண்மையிலேயே போய்விட்டார், எஞ்சியிருப்பது வெறும் தாமஸ். அந்த அம்மையாருக்கு அன்று சிரிப்பு வந்திருக்காது.

முதல் வேலையாக, தம்மிடமிருந்த பணியாளர்கள் ஒவ்வொருவருக்கும் ஆயர்களிடமும் பிரபுக்களிடமும் இடம் தேடிக் கொடுத்தார். தம் படகையும் எட்டுப் படகோட்டிகளையும் அடுத்து வந்த சான்சலரிடம் ஒப்படைத்தார். யாரையும் தெருவில் விடவில்லை. அதன் பிறகு மக்கள், மருமக்கள் எல்லாரையும் அழைத்தார். இனி முன்போல எல்லாரையும் என் செலவில் ஒரே வீட்டில் வைத்துக் காப்பாற்ற இயலாது. பிரியாமல் வாழ என்ன வழி, சொல்லுங்கள் என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரோப்பர் அந்த மௌனத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவரும் வாய் திறக்காதவர்களில் ஒருவர்தாமே.

அப்போது மூர் தம் பழைய நாட்களை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்தார். ஆக்ஸ்போர்டில் உண்டேன், நியூ இன்னில் உண்டேன், லிங்கன்ஸ் இன்னில் உண்டேன், அரசருடைய அரண்மனையிலும் உண்டேன். கீழிருந்து மேல்வரை எல்லாப் பந்தியையும் பார்த்தாயிற்று. இப்போது கையில் இருப்பது ஆண்டுக்கு நூறு பவுனுக்குச் சற்று மேல். (சாதாரணக் குடும்பத்துக்கு அது பெருந்தொகை. மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று நிறைந்த அந்த வீட்டுக்கு அது போதாது.) ஆகவே நாம் சேர்ந்து வாழ வேண்டுமானால் எல்லாரும் பங்கு போட வேண்டும். ஆனால் ஒரேயடியாக அடிமட்டத்துக்கு விழ வேண்டாம். முதல் ஆண்டு லிங்கன்ஸ் இன் சாப்பாடு சாப்பிடுவோம். மதிப்பான பெரியவர்கள் அதில் நன்றாகவே வாழ்கிறார்கள். கட்டுப்படியாகவில்லையென்றால் அடுத்த ஆண்டு ஒரு படி இறங்கி நியூ இன் சாப்பாடு. அதுவும் முடியாவிட்டால் அதற்கடுத்த ஆண்டு ஆக்ஸ்போர்டு மாணவர் சாப்பாடு. பெரிய பெரிய கல்விமான்களும் குருக்களும் அதைத் தின்றே படித்தார்கள். அதற்கும் வழியில்லாமற் போனால், ஆளுக்கொரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வீடு போய் 'சால்வே ரெஜினா' பாடிப் பிச்சை எடுப்போம்; அப்போதும் பிரியாமல் ஒன்றாக, சிரித்துக்கொண்டே இருக்கலாம் என்றார். நம் பாட்டிமார் 'கிருபை தயாபத்து' மந்திரம் என்று சொன்னார்களே, அதுதான் அது.

இந்தப் பேச்சை நாம் பலமுறை படித்துப் பார்த்திருக்கிறோம். பொதுவாக, பதவியிலிருந்து இறங்கியவர்களுக்குப் பழைய நினைவு ஒரு சுமையாகிவிடுகிறது. அந்தக் காலத்தில் நான் எப்படி இருந்தேன் தெரியுமா என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கேட்க ஆளில்லாமற் போனதும் கோபம் வரும். இந்த வக்கீலோ பழைய நினைவை ஏணியாக்கினார். ஏறி வந்த படிகள் எங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு படியாக, பதறாமல், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்க முடிந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். கையிருப்பு எவ்வளவு என்று வீட்டார் முன்னிலையில் தொகையைச் சொன்னார். நாம் சந்திக்கும் குடும்பச் சண்டைகளில் பாதி, இந்தத் தொகை சொல்லப்படாததால் வந்தவை.

வறுமை வேடிக்கையாகவே இருந்துவிடவில்லை. விறகுக்கு வழியில்லாமல், படுக்கப் போகுமுன் பெரணிச் செடிக் கட்டைக் கொளுத்தி, அந்தச் சுடரில் மனைவி மக்களோடு குளிர் காய்ந்துவிட்டுத் தூங்கப் போனதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் திருச்சபைக்காக எழுதிய நூல்களுக்குக் கைம்மாறாக ஆயர்களும் குருக்களும் நாலாயிரம், ஐயாயிரம் பவுன் அளவுக்கு நிதி திரட்டிக் கொண்டுவந்தார்கள். வாங்கவில்லை. உமக்கு வேண்டாமென்றால் உம் மனைவி மக்களுக்காவது என்றார்கள். அதற்கும் மறுத்துவிட்டார். ஆலிஸ் அம்மையாரைக் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

ஓய்வு பெற்ற அந்த ஆண்டில் அவர் செய்த இன்னொரு காரியம், தம் கல்லறைக்குத் தாமே இலத்தீனில் வாசகம் எழுதி, செல்சி கோவிலில் பதித்ததுதான். பெரும்பாலும் பதவிகளின் பட்டியல். நடுவிலே ஒரு வீட்டு நினைவு வருகிறது. தந்தை இருந்தவரை ஊரார் தம்மை இளையவர் என்றே சொன்னார்கள், தாமும் அப்படியே எண்ணியிருந்தார். 1530இல் தந்தை போனார். சுற்றிப் பார்த்தால் பிள்ளைகள் நால்வர், பேரப்பிள்ளைகள் பதினொருவர். அப்போதுதான் தமக்கு வயதாகிவிட்டதென்று தோன்றியது. அப்பா இருக்கும்வரை எத்தனை வயதானாலும் நாம் 'சின்னவர்'தாம். தகப்பனாரை அடக்கம் செய்துவிட்டு வந்து நம் முன் உட்கார்ந்த அறுபது வயது மனிதர்கள் பலருடைய முகத்தில் இதைத்தான் கண்டோம். வார்த்தை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வாசகத்தின் கடைசியில் இரு மனைவியரையும் குறிப்பிட்டு, இருவரில் யார் தமக்கு அதிக அன்புக்குரியவர் என்று சொல்ல முடியவில்லை என்று எழுதுகிறார். ஒரு மனைவி உயிரோடு இருக்கும்போதே இதைக் கல்லில் வெட்டிவைக்கத் துணிச்சல் வேண்டும்.

அந்தக் கல்லில் இன்னொரு வரியும் உண்டு; அதை மறைப்பது நியாயமல்ல. திருடருக்கும் கொலைகாரருக்கும் பதிதருக்கும் தாம் கடுமையாக இருந்ததைப் பெருமையாகக் குறிப்பிடுகிறார். அவர் சான்சலராக இருந்த காலத்தில் பதிதர் என்று தீர்க்கப்பட்ட ஆறு பேர் எரிக்கப்பட்டார்கள். 1935இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்ததால் அந்த நெருப்பு நல்ல நெருப்பு ஆகிவிடாது. மயில் தோகையால் பிள்ளைகளைத் தட்டிய கையும் அதே கைதான். புனிதர்களையும் முழுதாகவே பார்க்க வேண்டும்.

1534 ஏப்ரலில் அரசரின் புதிய சட்டத்துக்குச் சத்தியப் பிரமாணம் செய்ய அழைத்தார்கள். அவர் வெளியே போனால் வீட்டார் படகுத்துறைவரை வந்து வழியனுப்புவது வழக்கம். அன்று தோட்டத்து வாசற்கதவை இழுத்துச் சாத்தி, எல்லாரையும் உள்ளேயே நிறுத்திவிட்டு, ரோப்பரையும் பணியாளர் நால்வரையும் மட்டும் கூட்டிக்கொண்டு படகேறினார். பிரமாணம் செய்ய மறுத்ததால் இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார்.

இங்கேதான் அந்தக் குடும்பத்துக்கு உண்மையான சோதனை. ஒன்றாக இருப்போம் என்றவர், வேறொரு காரணத்துக்காகத் தனியே போய்விட்டார். உயிருக்குயிரான மகள் மார்கரெட்டே, தேவ கட்டளைக்கு இசைந்த அளவில் என்ற வார்த்தையைச் சேர்த்துப் பிரமாணம் செய்துகொண்டவர். அப்பாவையும் அப்படியே செய்யச் சொல்லிச் சிறையில் மன்றாடினார். அப்பா அவரை ஏவாள் என்று கேலி செய்தார், கோபித்துக்கொள்ளவில்லை. பிறருடைய மனச்சாட்சியில் தலையிட மாட்டேன், என் மனச்சாட்சி என்னைச் சேர்ந்தது என்பதே அவர் நிலை. தாம் எடுத்த முடிவை ஏற்காத பிள்ளைகளைப் பிள்ளைகள் அல்ல என்று தள்ளிவிடவில்லை. பெற்றோர் பேச்சை மீறிக் கலியாணம் செய்துகொண்ட மகளின் பெயரை வீட்டில் சொல்லக் கூடாது என்று கட்டளையிட்டிருக்கும் அன்பர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். அதனால் சொல்கிறோம்.

ஆலிஸ் அம்மையாரும் சிறைக்கு வந்தார். நல்ல வீடு, நூலகம், தோட்டம், தோப்பு, பிள்ளைகள் எல்லாம் இருக்க, புத்திசாலி என்று பெயரெடுத்த மனிதர் எலிகளோடு கிடக்கிறீரே என்று நேருக்கு நேர் கேட்டார். இந்த வீடும் நம் வீட்டைப்போலவே மோட்சத்துக்குப் பக்கந்தானே என்று அவர் சொன்ன பதிலை அம்மையார் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் அந்த அம்மையாரை மட்டந்தட்டி எழுதிவிட்டார்கள் என்பது நம் அபிப்பிராயம். 1535இல் அரசரின் செயலருக்கு அவர் எழுதிய விண்ணப்பம் ஒன்று உண்டு. சிறையில் கணவருக்கும் அவருடைய பணியாளுக்கும் ஆகும் சாப்பாட்டுச் செலவு வாரம் பதினைந்து ஷில்லிங். அதைக் கட்டுவதற்குத் தம் உடைகளையே விற்றுவிட்டதாகச் சொல்கிறார். கணவருடைய காரணம் கடைசிவரை அந்த அம்மாளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் வாரந்தோறும் பணம் கட்டினார்.

1535 ஜூலை முதல் நாள் மரண தண்டனை விதித்தார்கள். திரும்பிக் கொண்டுவரும் வழியில், காவலர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து மார்கரெட் தந்தையைக் கட்டிக்கொண்டார். 5ஆம் நாள், எழுதுகோல் இல்லாததால் கரித்துண்டினால் அவர் மார்கரெட்டுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். அன்று கட்டித் தழுவினாயே, உன்னை அவ்வளவு பிடித்த நேரம் வேறில்லை என்கிறார். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஆசீர். மகள் செசிலிக்கு ஒரு கைக்குட்டை. இன்னொரு மகளுக்கு, தோல் தாளில் வரைந்த ஒரு படம். மார்கரெட்டின் பணிப்பெண்ணை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அவளிடம் அன்பாக இரு என்று ஒரு வரி. வளர்ப்பு மகள் மார்கரெட் கிக்ஸுக்குச் சொந்தமான, கணக்குப் போடும் சிலேட்டுக் கல் ஒன்று அவரிடம் இருந்தது. அதையும் மறக்காமல், அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் ஆசீரோடு அன்றைக்கே திருப்பி அனுப்பினார்.